நோயுற்ற நாய்க்குப் பத்தியம்: ஒரு வரலாறு

சிறுநீரகம் பழுதான நாய்க்குப் புரதமும் பாஸ்பரஸும் குறைந்த உணவு, கல்லீரலில் செம்பு தேங்கும் நாய்க்குச் செம்பு குறைந்த உணவு, சிறுநீர்ப்பையில் கல் கட்டிய நாய்க்கு அந்தக் கல்லைக் கரைக்கும் உணவு என்று நோயைப் பார்த்து உணவை வகுக்கும் முறை கால்நடை மருத்துவத்தில் இன்று வேரூன்றிவிட்டது. இந்த முறைக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அதற்கு முன்பும் நோயுற்ற நாயைப் பேணியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் அனுபவமும் இரக்கமும் இருந்தன. எந்த உறுப்பு கெட்டது, எந்தச் சத்து அதற்குச் சுமை என்பதை அறியும் வழி இருக்கவில்லை. அந்த வழி திறந்தபோதுதான் நாய்க்குக் கொடுக்கும் சோறு மருந்தின் தகுதியைப் பெற்றது.

பழைய வேட்டைக்கூடங்களில்

நாயின் உணவைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் ஒன்றை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய வேளாண் ஆசிரியர் கொலுமெல்லா விட்டுச்சென்றார். மாடு, ஆடு, கோழி வளர்ப்போடு காவல் நாய் வளர்ப்பையும் விவரித்த அவர், பாலாடைக்கட்டி வடித்த தெளிநீரில் கலந்த வாற்கோதுமை மாவை நாய்க்கு ஏற்ற உணவு என்றார். மேய்ச்சல் இல்லாத திராட்சைத் தோட்டப் பகுதிகளில், அவரை வேகவைத்த நீரை வெதுவெதுப்பாக ஆற்றி அதில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார்.

இடைக்கால ஐரோப்பாவில் பிரபுக்களின் வேட்டை நாய்கள் தனிக் கூடங்களில் வளர்ந்தன. தெற்கு பிரான்ஸில் ஃபுவா நாட்டை ஆண்ட கஸ்தோன் ஃபேபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல், அந்தக் கூடங்களைத் துப்புரவாக வைப்பது முதல் நாய்களின் புண்களுக்கு மருந்திடுவது வரை பேசுகிறது. நலமாக உள்ள நாய்க்கு ரொட்டியும் வேட்டையில் கிடைத்த இறைச்சியில் பங்கும் போதும். நோயுற்ற நாய்க்கு ஆட்டுப்பால், அவரைக் கஞ்சி, பொடியாக நறுக்கிய இறைச்சி, வெண்ணெயில் சமைத்த முட்டை போன்றவை தரப்பட்டன. எளிதில் செரிப்பதையும் நாய் விரும்பி உண்பதையும் கொடுத்துத் தேற்றுவதே நோக்கம். எல்லா நோய்க்கும் ஏறக்குறைய ஒரே பத்தியம்தான்.

நாய்கள் இவ்வளவு காலம் மாவையும் ரொட்டியையும் உண்டு வாழ முடிந்ததற்கு உயிரியல் காரணம் உண்டு. ஸ்வீடனின் உப்சலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் நாய், ஓநாய் இரண்டின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டனர். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாகவும், நாயிடம் அதைப்போலப் பல மடங்காகவும் இருந்தது. மனிதனின் அடுப்படியை அண்டி வாழ்ந்த காலத்தில், மனிதன் உண்டதை உண்ணும் உடலாக நாயின் உடல் மாறியிருக்கிறது. அதனால் நாயை வெறும் இறைச்சி தின்னும் விலங்காகக் கருதி வகுக்கும் பத்தியம் அதன் இயல்புக்கு முழுதும் பொருந்துவதில்லை.

பிஸ்கட்டும் தகர டப்பாவும்

நாய்க்கென்று தனியாகச் செய்து விற்கும் உணவு 1860 வாக்கில் லண்டனில் தோன்றியது. இடிதாங்கிகள் விற்க அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலிருந்து வந்த ஜேம்ஸ் ஸ்பிராட், கோதுமை மாவு, பீட்ரூட், காய்கறிகள், உலர்த்திய மாட்டிறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்ட நாய் பிஸ்கட்டை அறிமுகப்படுத்தினார். வேட்டை நாய் வைத்திருந்த கனவான்கள் முதல் வாடிக்கையாளர்கள். ஸ்பிராட் நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட்தான் பின்னர் 1891இல் தன் பெயரில் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார்.

அமெரிக்காவில் 1922இல் குதிரை இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்கும் தொழில் தொடங்கியது. மோட்டார் வண்டிகள் பெருகி, குதிரைகளுக்கு வேலை குறைந்த காலம் அது. இரண்டாம் உலகப் போரில் தகரம் படைத்தேவைக்குப் போனபோது டப்பா உணவு சுருங்கி, உலர்ந்த உணவு முன்னுக்கு வந்தது. இந்த வணிகம் முழுவதும் நலமான நாயை மனத்தில் கொண்டு நடந்தது. நோயுற்ற நாய்க்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வி வேறோர் இடத்தில், மனித நோய்களை ஆராய்ந்த சோதனைக்கூடங்களில் விடை தேடிக்கொண்டிருந்தது.

சோதனைக்கூட நாய்கள் சொன்ன பாடம்

1816இல் பாரிஸில் உடலியலாளர் பிரான்சுவா மஜாந்தி ஒரு நாய்க்கு வெறும் சர்க்கரையும் வடிநீரும் மட்டும் கொடுத்துவந்தார். நாய் மெலிந்தது, கண்ணின் கருவிழியில் புண் வந்தது, ஏறத்தாழ ஒரு மாதத்தில் இறந்தது. எண்ணெய், பிசின், வெண்ணெய் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கொடுத்தபோதும் முடிவு மாறவில்லை. நைட்ரஜன் கொண்ட உணவு இல்லாமல் உயிர் நிலைக்காது என்பது இதிலிருந்து தெரிந்தது. வயிறு நிறைவது வேறு, உடல் வாழ்வது வேறு என்ற உண்மைக்கு முதல் சோதனைச் சான்றுகளில் இதுவும் ஒன்று.

1889இல் ஸ்ட்ராஸ்பூரில் ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியும் யோசப் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினர். நாய்க்கு நீரிழிவு வந்தது. இந்தத் தடத்தில் போய்த்தான் 1921இல் டொரோன்டோவில் பிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாய்களிடம் ஆய்ந்து இன்சுலினைக் கண்டனர். மனிதர்களைக் காத்த அந்த மருந்து நீரிழிவு வந்த நாய்களையும் காக்கிறது.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி நாய்க்குட்டிகளைச் சூரிய ஒளி படாத இடத்தில் வைத்து ஓட்ஸ் கஞ்சி போன்ற உணவில் வளர்த்தார். குட்டிகளின் கால் எலும்புகள் வளைந்து ரிக்கெட்ஸ் வந்தது. மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தால் நோய் தடுக்கப்பட்டது. 1922இல் எல்மர் மெக்காலம் அந்த எண்ணெயில் இருந்த காரணியைப் பிரித்துக் காட்டி வைட்டமின் டி என்று பெயரிட்டார்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லாக்ரா வாட்டியது. அதே பகுதி நாய்களுக்கு நாக்கு கறுத்து அழுகும் நோய் வந்தது. இரண்டும் ஒரே குறைபாட்டின் இரு வடிவங்கள் என்பதை ஜோசப் கோல்ட்பர்கர் உணர்ந்தார். 1937இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கான்ராட் எல்வெஹெம், ஈரலிலிருந்து எடுத்த நிகோடினிக் அமிலம் அந்தக் கருநாக்கு நோயைக் குணமாக்குவதைக் காட்டினார். இன்று அதை நியாசின் என்கிறோம். ஜார்ஜ் விப்பிள், இரத்தம் குறைந்த நாய்களுக்கு ஈரல் கொடுத்தால் இரத்தம் மற்ற உணவுகளைவிட விரைவாக ஊறுவதைக் கண்டார். அது மனிதரின் கடும் இரத்தசோகைக்குச் சிகிச்சை காண வழிவிட்டு, 1934இல் அவருக்கும் மைனாட், மர்ஃபி இருவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்தது.

நாய்களின் உணவையே நேராகப் பாதித்த ஒரு கண்டுபிடிப்பும் மெல்லன்பியுடையது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல நாய்கள் திடீரென்று வெறிகொண்டதுபோல் ஓடி, வலிப்பு வந்து விழுந்தன. தொற்று என்றும் குடற்புழு என்றும் பலரும் பல காரணம் சொன்னார்கள். 1946இல் மெல்லன்பி உண்மையை வெளியிட்டார். மாவை வெளுக்கச் சேர்த்த நைட்ரஜன் டிரைகுளோரைடு என்ற வேதிப்பொருள் கோதுமைப் புரதத்தோடு வினைபுரிந்து நஞ்சானது. அந்த மாவில் செய்த பிஸ்கட்டையும் ரொட்டியையும் தின்ற நாய்களுக்குத்தான் வலிப்பு வந்தது. மாவை மாற்றியதும் நோய் நின்றது. அந்த வேதிப்பொருளை மாவில் சேர்க்கும் வழக்கம் பின்னர் கைவிடப்பட்டது. நாயின் நோய்க்குக் காரணத்தை அதன் தட்டிலும் தேட வேண்டும் என்பதற்கு இது உறுதியான சான்று.

இந்த ஆய்வுகளில் நாய்கள் பட்ட துன்பம் பெரிது. மனித குலம் அவற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது. நோயுற்ற நாய்க்கு அறிவோடு உணவு வகுப்பது அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்க்கும் செயல்.

பட்டி என்ற வழிகாட்டி நாய்

பத்திய உணவின் வரலாற்றில் திருப்பம் 1939இல் நியூ ஜெர்சியில் நிகழ்ந்தது. அதன் பின்னணி ஸ்விட்சர்லாந்தில் தொடங்குகிறது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லைச் சேர்ந்த மோரிஸ் ஃபிராங்க் கண் பார்வையை இழந்தவர். டாரதி ஹாரிசன் யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, ஜெர்மனியில் பார்வையிழந்த போர்வீரர்களுக்கு நாய்கள் வழிகாட்டப் பழக்கப்படுவதைப் பற்றி 1927இல் ஒரு கட்டுரை எழுதினார். அதைப் படிக்கக் கேட்ட ஃபிராங்க் அவருக்குக் கடிதம் எழுதினார். 1928இல் ஸ்விட்சர்லாந்தில் இருந்த அவரிடம் போய், பட்டி என்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாயோடு பயிற்சி பெற்றுத் திரும்பினார். நியூயார்க்கின் நெரிசல் மிகுந்த சாலையைப் பத்திரிகையாளர்கள் பார்க்கப் பட்டியின் துணையோடு கடந்தார். 1929இல் 'தி சீயிங் ஐ' என்ற வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவானது. சில ஆண்டுகளில் அது நியூ ஜெர்சிக்கு இடம் பெயர்ந்தது.

முதல் பட்டி 1938இல் இறந்தது. ஃபிராங்க்குடன் அடுத்து வந்த நாய்க்கும் அவர் அதே பெயரை வைத்தார். அந்தப் பட்டிக்குச் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கியது. நாடெங்கும் பயணம் செய்து, பார்வையற்றோருக்கு நாயின் துணை என்ன செய்யும் என்று எடுத்துக்காட்டிவந்த மனிதருக்கு அந்த நாய்தான் கண். அவர் உதவி நாடிப் போன கால்நடை மருத்துவர் மார்க் மோரிஸ்.

மார்க் மோரிஸ் நியூ ஜெர்சியில் ராரிடன் விலங்கு மருத்துவமனையை நடத்திவந்தார். கால்நடை மருத்துவர் என்றால் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்ப்பவர் என்றிருந்த நாளில், நாய், பூனை போன்ற சிறு விலங்குகளுக்காகவே நிறுவிய மருத்துவமனை அது. 1933இல் உருவான அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் முதல் தலைவரும் அவர்தான். இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து நோயை அறியும் முறையை நாய் வைத்தியத்தில் பரப்பியவர்களில் அவர் முக்கியமானவர். பட்டிக்கு அவர் வகுத்த உணவு இந்தப் பழக்கத்திலிருந்து பிறந்தது.

அவருடைய காரணம் நேரானது. உண்ட புரதம் உடலில் சிதையும்போது யூரியா முதலிய கழிவுகள் உண்டாகின்றன. அவற்றை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். நாய்க்குப் பசி போகும், வாந்தி வரும், வாயில் புண்ணும் துர்நாற்றமும் உண்டாகும், உடல் வற்றும். சிறுநீரகத்தின் திறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே அறிகுறிகள் வெளிப்படும் என்பதால் நோய் தெரியும்போது காலம் கடந்திருக்கும். இழந்த பகுதியை மீட்க முடியாது. எஞ்சியிருப்பதன் சுமையைக் குறைக்கலாம். அதற்குப் புரதத்தின் அளவு குறைய வேண்டும். கொடுக்கும் புரதம் உடல் முழுமையாகப் பயன்படுத்தக்கூடிய உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும். உப்பும் மட்டாக இருக்க வேண்டும். தேவையான ஆற்றலைக் கொழுப்பும் மாவுச்சத்தும் தர வேண்டும்.

இந்தக் கணக்கில் மோரிஸ் தயாரித்த உணவு பட்டியின் உடல்நிலையைத் தேற்றியது. ஃபிராங்க் பயணத்தைத் தொடர, உணவு அவருக்குத் தொடர்ந்து அனுப்பப்பட வேண்டியிருந்தது. மோரிஸும் மனைவி லூயிஸும் வீட்டுச் சமையலறையில் உணவைச் செய்து கண்ணாடிச் சாடிகளில் அடைத்து அனுப்பினர். வழியில் சாடிகள் உடைந்தன. ஆகவே டப்பாவில் அடைக்கும் கருவிக்கு மாறினர். மற்ற மருத்துவர்களும் இந்த உணவைக் கேட்கத் தொடங்கியபோது சமையலறை போதவில்லை. 1948இல் கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் இருந்த ஹில் பேக்கிங் நிறுவனத்தோடு மோரிஸ் ஒப்பந்தம் செய்தார். அங்கே டப்பாவில் வந்த உணவுக்கு 'கே/டி' என்று பெயர். கடையில் யாரும் வாங்கும் சரக்காக இல்லாமல், மருத்துவர் சொல்லி மட்டுமே கிடைக்கும் உணவாக அது வழங்கப்பட்டது. இதயம் பலவீனமான நாய்க்கு உப்பு குறைந்த உணவு, உடல் பருத்த நாய்க்குச் சக்தி குறைந்த உணவு என்று அந்த வரிசை பின்னர் நீண்டது. அதே 1948இல் விலங்குகளின் நோய்களை ஆராய ஓர் அறக்கட்டளையையும் மோரிஸ் தொடங்கினார். அது இன்றும் மோரிஸ் விலங்கு அறக்கட்டளை என்ற பெயரில் இயங்குகிறது.

ஐரோப்பாவில் இதே எண்ணம் தனியாகத் தோன்றியது. தெற்கு பிரான்ஸின் கார் பகுதியில் மருத்துவம் பார்த்த ழான் கத்தாரி, தம்மிடம் வந்த பல நாய்களின் தோல், முடி நோய்களுக்குச் சத்துக் குறைவான உணவே காரணம் என்று கருதினார். தாமே தானியம் சேர்த்த உணவைச் செய்து கொடுத்து மாற்றம் கண்டார். 1968இல் அவர் தொடங்கிய ராயல் கனான் பின்னர் உலகமெங்கும் பரவியது.

புரதமா, பாஸ்பரஸா?

மோரிஸின் உணவு பட்டியைத் தேற்றியது என்பதால் அதன் அடிப்படை முழுதும் நிறுவப்பட்டதாகிவிடாது. எது பயன் செய்தது, எவ்வளவு பயன் செய்தது என்ற கேள்விகள் அடுத்த அரை நூற்றாண்டை எடுத்துக்கொண்டன. புரதத்தை அளவு மீறிக் குறைத்தால் நாயின் தசை கரைந்து எதிர்ப்புச் சக்தி குன்றும் என்று ஒரு சாரார் எச்சரித்தனர்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் டெல்மார் ஃபிங்கோவும் உடனிருந்தவர்களும் சிறுநீரகத் திறன் குறைந்த நாய்களிடம் புரதம், பாஸ்பரஸ் இரண்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆயுளை நீட்டியதில் பாஸ்பரஸைக் குறைத்ததற்குத் தெளிவான பங்கு தெரிந்தது. பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத பாஸ்பரஸ் இரத்தத்தில் ஏறும்போது பாராதைராய்டு சுரப்பி தூண்டப்படுகிறது. எலும்பிலிருந்து கால்சியம் கரைகிறது. திசுக்களில் சுண்ணம் படிகிறது. சிறுநீரகம் மேலும் கெடுகிறது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு சிறுநீரகத்துக்குத் துணை செய்வதையும் அதே பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின.

தீர்ப்பான சான்று 2002இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. இயல்பாகவே நாட்பட்ட சிறுநீரக நோய் கண்ட 38 வளர்ப்பு நாய்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிறுநீரகப் பத்திய உணவும் மற்றதற்கு வழக்கமான உணவும் கொடுத்தனர். எந்த நாய் எதை உண்கிறது என்பது உரிமையாளருக்கும் மருத்துவருக்கும் மறைக்கப்பட்டிருந்தது. பத்திய உணவு உண்ட நாய்களின் இடைநிலை ஆயுட்காலம் 594 நாட்கள். மற்றவற்றுக்கு 188 நாட்கள். கழிவு தேங்கி உயிருக்கு ஆபத்து நேரும் நெருக்கடிகளும் பத்திய உணவு உண்டவற்றுக்குப் பெரிதும் குறைந்தன. மோரிஸ் சமையலறையில் தொடங்கியது அறுபதாண்டுக்குப் பின் முறையான சோதனையில் உறுதிப்பட்டது.

நோயின் கட்டத்தை அளப்பதற்கும் பொது அளவுகோல் கிடைத்தது. 1998இல் அமைந்த ஐரிஸ் என்ற பன்னாட்டுச் சிறுநீரகக் குழு, இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் அளவைக் கொண்டு நோயை நான்கு நிலைகளாகப் பிரித்தது. எந்த நிலையில் பத்தியம் தொடங்க வேண்டும் என்று இப்போது மருத்துவர்கள் ஒரே மொழியில் பேச முடிகிறது.

கல், செம்பு, ஒவ்வாமை

சிறுநீரகத்துக்கு வந்த விடை மற்ற உறுப்புகளுக்கும் வழி காட்டியது. மினசோட்டாவில் கார்ல் ஆஸ்போர்ன் நாய்களின் சிறுநீர்க்கற்களை ஆராய 1981இல் ஒரு மையத்தை நிறுவினார். உலகெங்கிலுமிருந்து அனுப்பப்பட்ட கற்கள் அங்கே பகுத்துப் பார்க்கப்பட்டன. ஸ்ட்ரூவைட் என்ற மக்னீசியம்–அம்மோனியம்–பாஸ்பேட் கல், நாய்களில் பெரும்பாலும் கிருமித் தொற்றால் உருவாகிறது. கிருமிக்கு மருந்து கொடுத்து, மக்னீசியமும் பாஸ்பரஸும் புரதமும் குறைந்த, சிறுநீரை அமிலமாக்கும் உணவைச் சேர்த்தால் அறுவை இல்லாமலே அந்தக் கல் கரையும் என்பதை ஆஸ்போர்ன் நிறுவினார். கால்சியம் ஆக்சலேட் கல்லை எந்த உணவும் கரைப்பதில்லை. அதை எடுத்துவிட்டு மீண்டும் வராமல் தடுக்கவே முடியும். ஆகவே கல்லின் வகையை அறியாமல் பத்தியம் சொல்ல இயலாது.

டால்மேஷியன் இனம் இதில் தனி அத்தியாயம். மற்ற நாய்கள் யூரிக் அமிலத்தைக் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றும். டால்மேஷியன் அதை அப்படியே சிறுநீரில் விடுகிறது. அதனால் யூரேட் கற்கள் உண்டாகின்றன. ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியும் மத்தி, நெத்திலி போன்ற மீன்களும் பியூரின் மிகுந்தவை என்பதால் அவற்றை விலக்கி, தண்ணீர் நிறைய உட்கொள்ளச் செய்வதே அதற்குப் பத்தியம். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2008இல் கண்டறியப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு டால்மேஷியனை இங்கிலீஷ் பாயின்டர் நாயோடு இணைத்து, இந்தக் குறை இல்லாத வழித்தோன்றல்களை உருவாக்கத் தொடங்கியிருந்தார்.

பெட்லிங்டன் டெரியர் இனத்தின் துன்பம் கல்லீரலில். செம்பு வெளியேறாமல் கல்லீரலில் சேர்ந்து அதை அழிக்கும் பரம்பரை நோய் 1970களில் விவரிக்கப்பட்டது. 2002இல் அதற்கான மரபணுவும் கிடைத்தது. செம்பைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தும், ஈரல் முதலிய செம்பு மிகுந்த பொருள்கள் இல்லாத உணவும் சேர்ந்தால் நாய் நீண்ட காலம் வாழ முடிகிறது. ஈரல் ஒரு காலத்தில் விப்பிளின் நாய்களுக்கு மருந்தாக இருந்தது. பெட்லிங்டனுக்கு அதே ஈரல் ஆபத்து.

உணவு ஒவ்வாமையால் தோல் அரிக்கும் நாய்களுக்கு இரத்தச் சோதனை நம்பத்தக்க விடை தருவதில்லை. அந்த நாய் இதற்கு முன் உண்டிராத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரங்களேனும் கொடுத்துப் பார்த்து, அரிப்பு அடங்கியதும் பழைய உணவை மீண்டும் கொடுத்து உறுதி செய்வதே முறை. ஆட்டுக்குட்டி இறைச்சி மேலை நாடுகளில் ஒரு காலத்தில் இப்படிப் பயன்பட்டது. அதைச் சேர்த்த உணவு கடைகளில் பெருகியதும் அது புதிய புரதமாக இல்லாமல் போனது. 1990களின் பிற்பகுதியிலிருந்து, உடலின் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் காணாத அளவுக்குப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் உணவுகள் வந்தன. இந்தச் சோதனைக் காலத்தில் ஒரு துண்டு ரொட்டியோ, சுவையூட்டிய மாத்திரையோ போதும் முடிவைக் கெடுக்க. வீட்டார் அனைவரும் ஒத்துழைத்தால்தான் விடை கிடைக்கும்.

கணைய அழற்சி கண்ட நாய்க்குக் கொழுப்பு குறைந்த உணவு உயிர்காப்பு. நீரிழிவு நாய்க்கு ஒரே உணவு, ஒரே அளவு, இன்சுலின் போடும் நேரத்தோடு பொருந்திய ஒரே வேளை என்ற ஒழுங்கு மிக முக்கியம். இவை எல்லாவற்றிலும் எளிதும் அடிப்படையுமான பத்தியம் அளவோடு கொடுப்பது. 48 லாப்ரடார் நாய்களைக் குட்டிப் பருவம் முதல் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், இணையான நாய் உண்டதைவிட 25% குறைவாக உண்டவை இடைநிலையில் 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் குறைவாக உண்ட நாய்களுக்குப் பின்னரே வந்தது.

எச்சரித்த நிகழ்வுகள்

ஆலையில் செய்த உணவு தவறும்போது பாதிப்பு பரந்து விழும். 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவுகள் பெரும் அளவில் திரும்பப் பெறப்பட்டன. புரத அளவை அதிகமாகக் காட்ட, சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலக்கப்பட்டிருந்தது. அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகங்களாக அடைத்தது. உணவை நம்பி உண்ட விலங்குகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வேறோர் எச்சரிக்கை விடுத்தது. தானியம் நீக்கி, பட்டாணி, பருப்பு வகைகள், உருளைக்கிழங்கு மிகுதியாகச் சேர்த்த உணவுகளை உண்ட சில நாய்களுக்கு இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் வந்ததை ஆராய்வதாக அறிவித்தது. பொதுவாக அந்த நோய்க்கு ஆளாகாத இனங்களும் அவற்றில் இருந்தன. உணவை மாற்றியபோது சில நாய்கள் தேறின. தானியம் தீங்கு என்ற விளம்பரத்துக்குப் பின்னால் போவதில் ஆபத்து இருக்கலாம் என்று இது எச்சரித்தது.

வீட்டுச் சமையலும் தானாகவே பாதுகாப்பாகிவிடுவதில்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை எடுத்துப் பகுத்து 2013இல் வெளியிட்டனர். அவற்றில் 95% குறிப்புகளில் ஏதாவது ஓர் இன்றியமையாத சத்தேனும் குறைவாக இருந்தது. அன்போடு சமைத்த உணவிலும் கால்சியமோ துத்தநாகமோ வைட்டமின் டியோ குறைந்தால், காலப்போக்கில் நாய் நலியும்.

உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு, வலி ஆகிய நான்கோடு உணவு மதிப்பீட்டையும் ஐந்தாவது அடிப்படைச் சோதனையாகச் சேர்த்தது. மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு நாயின் எடையும், உடல்கட்டும், என்ன உண்கிறது என்பதும் கேட்டு எழுதப்பட வேண்டும் என்பது அதன் பொருள்.

தமிழ்நாட்டு வீடுகளில்

தமிழ்நாட்டில் முறையான கால்நடை மருத்துவக் கல்வி 1903இல் சென்னையில் தொடங்கிய கல்லூரியோடு வந்தது. வேப்பேரியில் உள்ள அந்த மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் அமைந்த தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று இயங்குகிறது. பத்திய உணவுகள் இப்போது இங்கும் மருத்துவர் பரிந்துரையில் கிடைக்கின்றன. அவை விலை மிகுந்தவை என்பதால் பல வீடுகளில் நாய்க்குத் தயிர்ச்சோறும், முட்டையும், கோழிக்கறியும், எலும்பும்தான் உணவு. நலமான நாய்க்குச் சோறு தீங்கு செய்யாது. சிறுநீரகம் கெட்ட நாய்க்கு எலும்பும் தயிரும் பாஸ்பரஸ் சுமையைக் கூட்டும். கணைய அழற்சி கண்ட நாய்க்கு நெய்யும் கொழுப்புக் கறியும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர் திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பாரும் குழம்பும் கலந்த மிச்சச் சோறு நோயுற்ற நாய்க்கு ஏற்றதாகாது. வீட்டிலேயே சமைக்க வேண்டியவர்கள், நாயின் எடைக்கும் நோய்க்கும் ஏற்ற அளவுப் பட்டியலை மருத்துவரிடம் எழுதி வாங்கி, சொன்ன சத்துச் சேர்க்கைகளையும் விடாமல் சேர்க்க வேண்டும்.

இந்த வரலாறு முழுவதும் ஒரே முடிவுக்கு வருகிறது. எல்லா நோயுற்ற நாய்க்கும் பொருந்தும் உணவு எதுவும் இல்லை. ஒரு நாய்க்கு மருந்தான ஈரல் இன்னொன்றுக்கு நஞ்சு. ஒரு கல்லைக் கரைக்கும் உணவு மற்றொரு கல்லைத் தொடுவதே இல்லை. ஆகவே நாய் உணவை மறுத்தாலோ, மெலிந்தாலோ, அதிகமாகத் தண்ணீர் குடித்தாலோ, தோலை ஓயாமல் சொறிந்தாலோ, முதலில் அதன் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து நோயின் பெயரையும் நிலையையும் அறிய வேண்டும். அதன் பிறகே தட்டை மாற்ற வேண்டும். மாற்றிய பின் குறித்த நாளில் மீண்டும் சோதித்து, பத்தியம் பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும்.